கொல்லைப்புற வருகைப் பதிவேடு

இன்றைக்கு இந்த ஊர் வானத்தில் இரண்டு தேன்சிட்டுகள் கூடுதலாகப் பறக்கின்றன என்றால், அதற்கு முழுமுதற் காரணம் ஒரே ஒரு மனிதர்தான். வனத்துறைக்கோ, பறவை ஆர்வலர் சங்கங்களுக்கோ, ஏன், இயற்கைக்கோகூட இதில் பெரிய பங்கு எதுவும் கிடையாது. தலைமை அலுவலகத்தின் வருகைப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அரும்பணியாற்றி, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்ற ஒருவர் செய்த தியாகம் அது. உலகம் இதை இன்னும் அறியவில்லை. அறிந்தால் அவருக்குச் சிலை வைக்கும். வைத்தாலும் அந்தச் சிலையின் தலையில் ஒரு காக்கைகூட உட்காராது என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதெல்லாம் பொறாமைப் பேச்சு.

அலுவலகத்தில் அவருக்குப் பத்துப்பத்து என்று பெயர். முகத்துக்கு நேரே 'ஐயா'. முதுகுக்குப் பின்னால் பத்துப்பத்து. காலை பத்து மணி பத்து நிமிஷம் ஆனதும் வருகைப் பதிவேட்டை முன்னால் இழுத்து, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே அளவுகோலை வைத்து, சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் ஊழியர்கள். கீழே இருப்பவர்கள் குற்றவாளிகள். அவர்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். "குழந்தைக்குக் காய்ச்சல்" என்று யாராவது சொன்னால், "எத்தனை மணிக்குக் காய்ச்சல் வந்துச்சு?" என்று கேட்பார். அந்த அலுவலகத்தில் இருபத்து மூன்று பேர். முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒருவராவது கோட்டுக்குக் கீழே மாட்டாத நாள் கிடையாது. கடைசிப் பதினொரு வருஷமாகப் பெரும்பாலும் மாட்டுகிறவர் தபால் பிரிவு அம்மா. கோடு போட்டும் ஆட்கள் திருந்தவில்லையே என்று பத்துப்பத்து ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அதனால்தான் கோடு தேவைப்படுகிறது என்று தெளிவாக இருந்தார்.

அவர் கொண்டுவந்த இன்னொரு சீர்திருத்தமும் உண்டு. யாரைப் பற்றிய தாளாக இருந்தாலும், அது கோப்பில் சேருமுன் அந்த ஆள் அதைப் படித்து, ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இந்த விதியின்படி, தன்மேல் வந்த புகாரைத் தானே படித்து, தானே கையெழுத்திட்டு, தானே கோப்பில் கட்டி, தானே அலமாரியில் வைத்துவிட்டு வந்த பியூன் ஒருவர் இன்னும் அங்கே இருக்கிறார். பத்துப்பத்தும் ஒரு நாளைக்கு நூறு தாளிலாவது 'பார்த்தேன்' என்று எழுதுவார். நிமிர்ந்து பார்க்காமலே எழுதுமளவுக்குக் கை பழகியிருந்தது.

பிரிவு உபசார விழாவில் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள். "உங்களை எங்களால் மறக்கவே முடியாது" என்று எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். கைதட்டல் நான்கு நிமிஷம் நீடித்தது. அன்பு என்றால் அது.

ஓய்வுபெற்ற இரண்டாம் மாதம் டாக்டர் அவருடைய கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, உதட்டைப் பிதுக்கினார்.

"ரத்த அழுத்தம் ஏறியிருக்கு சார். வீட்டுக்குப் பின்னாடி இடம் ஏதாவது இருக்கா?"

"இருக்குன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

"அந்தப் பக்கம் என் மனைவியோட பொறுப்பு."

"போய் உக்காருங்க. அணிலு, குருவி, எது வருதோ அதைப் பாருங்க. ரசிங்க. காலையில அரை மணி, சாயந்திரம் அரை மணி. மாத்திரையைவிட அது நல்லது."

"எழுத்துமூலமா குடுத்துடுங்க டாக்டர்."

டாக்டர் சிரித்துக்கொண்டே மாத்திரைப் பெயருக்குக் கீழே 'கொல்லைப்புறம் — தினம் இரு வேளை' என்று எழுதிக் கொடுத்தார். டாக்டர்கள் இப்படித்தான் விளையாட்டாக எழுதிவிடுகிறார்கள். அதைக் கையில் வாங்குகிறவர் யார் என்று யோசிப்பதே இல்லை.

கொல்லைப்புறம் என்பது ஒரு கொய்யா மரம், ஒரு செம்பருத்திப் புதர், விளிம்பு உடைந்த ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு துவைக்கிற கல், சமையலறை ஜன்னல் கம்பியிலிருந்து கொய்யா மரம்வரை இழுத்துக் கட்டிய ஒரு துணிக்கொடி, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாகச் சாயங்காலம் நாலு மணிக்கு மனைவி அந்தத் துவைக்கிற கல்லின்மேல் டீயோடு உட்காருவாள். அணில் வரும். மைனா ஜோடி வரும். தொட்டிக்கடியில் ஒரு தேரை இருக்கும். யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. டீ ஆறினால் ஆறட்டும் என்று விட்டுவிடுவாள்.

கணவரை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாற்காலியைத் தூக்கி வந்து போட்டதும் அவள்தான்.

"சத்தம் போடாம உக்காருங்க. அதோ பாருங்க, ஜன்னல்கிட்ட."

கொடியில் ஒரு அழுக்குத் துணிப்பை மாதிரி ஏதோ தொங்கியது. நாரும் சருகும் சிலந்தி நூலும் கலந்த பை. பக்கவாட்டில் ஒரு ஓட்டை. ஓட்டையிலிருந்து ஒரு வளைந்த மூக்கு எட்டிப் பார்த்தது.

"தேன்சிட்டு. முட்டை வச்சு அடைகாக்குது" என்றாள். "பொண்ணு கல்யாணமாகிப் போனதுக்கு அடுத்த மாசம்தான் மொத மொத வந்து கட்டிச்சு. அந்த வருஷம் பூனை எடுத்துடுச்சு. போன வருஷம் காத்துல விழுந்துடுச்சு. இந்த வருஷமாவது குஞ்சு பறந்து போறதை என் கண்ணால பாத்துடணும்ங்க."

அதற்காக மூன்று வாரமாக அவள் கொடியில் ஒரு கைக்குட்டைகூடப் போடவில்லை. ஈரத் துணியெல்லாம் வீட்டுக்குள் நாற்காலி முதுகுகளில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவருடைய மனசு வேறொரு இடத்தில் நின்றுவிட்டது.

"அணில் எத்தனை மணிக்கு வரும்?"

"வரும்போது வரும்."

பத்துப்பத்துக்கு நெஞ்சில் சுருக்கென்றது. தம் சொந்த வீட்டின் பின்பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக இப்படி ஒரு நிர்வாகம் நடந்துகொண்டிருக்கிறது. தமக்குத் தெரியாமல்!

மறுநாளே புதுப் பதிவேடு திறக்கப்பட்டது. நீளமான, கெட்டி அட்டை போட்ட பதிவேடு. வரிசை எண், பெயர், வந்த நேரம், போன நேரம், குறிப்பு என்று கட்டங்கள் இழுக்கப்பட்டன. சுவர்க்கடிகாரம் கொய்யா மரத்தில் ஆணியடித்து மாட்டப்பட்டது. முதலில் வந்தது அணில். அதன் முதுகில் ஏற்கெனவே கோடுகள் இருப்பதைப் பார்த்ததும் அவருக்கு மனநிறைவாக இருந்தது. யாரோ கடமையைச் செய்திருக்கிறார்கள். கோடு சிவப்பாக இல்லை என்பதுதான் குறை.

அரை மணி கழித்து மறுபடி ஒரு அணில் வந்தது.

"இது மொதல்ல வந்த அதே அணில்தானா?" என்று மனைவியைக் கேட்டார்.

"அணில்ங்க."

"அது தெரியுது. அதே அணிலா?"

"அதே மாதிரிதான் இருக்கு."

"ஆள்மாறாட்டம் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அடையாளம் வைப்பதென்று முடிவாயிற்று. ஒரு கம்பின் நுனியில் பஞ்சைக் கட்டி, சிவப்பு மையில் தோய்த்து, மரத்தடியில் ஒரு மணி நேரம் ஒற்றைக்காலில் நின்றார். அணில் வாலில் வைக்க வேண்டிய புள்ளி கடைசியில் மனைவியின் வெளிர்மஞ்சள் புடவையில் விழுந்தது. "இனிமே உங்களுக்கு நானாவது அடையாளம் தெரிவேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதல் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. வந்தவர்கள்: தலைவர், மனைவி, தேரை. தேரை வந்தது என்று சொல்வது சரியில்லை; அது தொட்டிக்கடியிலேயேதான் கிடக்கிறது. 'பணியிடத்திலேயே தங்கி உழைப்பவர்' என்று அதன் பெயருக்கு எதிரே பாராட்டி எழுதினார். பகல் பூராவும் அது தூங்குகிறது என்று மனைவி சொன்னதும் அதை அடித்துவிட்டு, 'விசாரணை நிலுவையில்' என்று திருத்தினார். மைனாக்களைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. ஒருவர் செய்யக்கூடிய வேலையை இருவர் சேர்ந்து செய்கிறார்கள், இருவரும் சேர்ந்தே வருகிறார்கள், சேர்ந்தே போகிறார்கள் என்று தலைவர் கவலை தெரிவித்தார்.

"ஜோடிங்க அது" என்றாள் மனைவி.

"அலுவலக நேரத்துல என்ன ஜோடி?"

இந்த வாக்கியத்தை அவர் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை. ஆனால் அவளுக்கு அது பழகிய வாக்கியம். கல்யாணமான புதிதில் அவருக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஒருநாள் அவள் அலுவலகத்துக்குப் போயிருந்தாள். அப்போதும் அவர் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருந்தார்.

அடுத்த சீர்திருத்தம் மணி. பரணில் கிடந்த ஒரு கைமணியைத் துடைத்து எடுத்து வந்தார். காலை சரியாகப் பத்து மணிக்கு மணி அடிக்கும், தானியம் வைக்கப்படும். பத்துப் பத்துக்குத் தானியம் எடுக்கப்படும், கோடு விழும். முதல் நாள் மணியடித்ததும் மைனாக்கள் சமையலறை ஓடு அதிரக் கிளம்பிப் பறந்தன. அணில் மரத்தின் உச்சிக்குப் போய் அங்கிருந்தபடியே கத்தியது. இரண்டாம் நாள் அணில் பத்து இருபத்தைந்துக்கு வந்து, காலித் தட்டைச் சுற்றிவந்து, அவரைப் பார்த்துவிட்டுப் போனது. வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் பதிவேட்டில் கோட்டுக்கு மேலே ஒரு பெயரும் இல்லை. கோட்டுக்குக் கீழேயும் இல்லை. தேரைகூட இடத்தைக் காலிசெய்துவிட்டிருந்தது.

அவர் அசரவில்லை. நடவடிக்கை எடுத்தார். 'முன் அனுமதியின்றிப் பணிக்கு வராதது குறித்து மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்' என்று தனித்தனியே எழுதிக் கொய்யா மரத்தில் குத்திவைத்தார். காற்றடித்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தையற்காரர் மதில்மேல் தலையை நீட்டினார்.

"சார், மைனாவுக்கு லெட்டர் ஒண்ணு வந்திருக்கு. அவங்க இங்கதான் இருக்காங்க. குடுத்துடட்டுமா?"

பத்துப்பத்து மதிலின் இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். தையற்காரரின் பின்வாசல் கொட்டகையில் தையல் இயந்திரம். அதைச் சுற்றித் துண்டுத் துணிகள். துண்டுத் துணிகளுக்கு நடுவில் அவருடைய இரண்டு மைனாக்கள் சொந்த வீட்டில் நடப்பது மாதிரி நடந்துகொண்டிருந்தன. அவருடைய அணில் தையற்காரரின் செருப்பைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய தேரையாக இருக்கலாம் என்று சந்தேகிக்கத்தக்க ஒன்று வாளியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

"என்ன போட்டு இழுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் போடலையே சார்."

"பின்ன எதுக்கு வருதுங்க?"

"தெரியல சார். நான் பாட்டுக்கு என் வேலையைப் பாத்துட்டு இருக்கேன். அதுங்க பாட்டுக்கு அதுங்க வேலையைப் பாக்குதுங்க."

இப்படிப் பொறுப்பில்லாமல் பேசுகிறவர்களை வைத்துக்கொண்டு எந்த நிர்வாகமும் உருப்படாது. 'அனுமதியின்றி அயல் அலுவலகத்தில் பணி' என்று பதிவேட்டில் எழுதி, எல்லோரையும் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டு உள்ளே வந்தார். அன்றைக்கு ரத்த அழுத்தம் முன்பைவிட எட்டுப் புள்ளி ஏறியிருந்தது.

மிச்சமிருந்தது தேன்சிட்டு மட்டும்தான். அதனால் போக முடியாது, முட்டை இருந்தது. பத்துப்பத்துக்கு இந்த நுணுக்கம் புரியவில்லை. விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார். 'முழு வருகை. முன்மாதிரி ஊழியர்' என்று எழுதினார். ஒருநாள் மனைவி ஜன்னலிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு, "பொரிச்சிடுச்சுங்க, ரெண்டு" என்றபோது அவருக்கும் உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. இரண்டு புதிய பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றினார். 'புதிய நியமனம்.' உடனே நாற்காலியைத் தூக்கிக் கூட்டுக்கு மூன்றடி தூரத்தில் போட்டுக்கொண்டார். கடிகாரத்தையும் அங்கே மாற்றினார். தாய் எத்தனை மணிக்கு இரைக்குப் போகிறது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று குறித்தாக வேண்டும். டாக்டர் சொன்ன இரண்டு அரை மணியும் எட்டு மணி நேரமாக வளர்ந்தது. கடமை என்று வந்துவிட்டால் அவர் நேரம் காலம் பார்ப்பவர் இல்லை.

தாய் இரையோடு வரும். செம்பருத்திக் கிளையில் உட்காரும். மூக்கில் ஒரு புழு நெளியும். அவரைப் பார்க்கும். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அது இன்னொரு கிளைக்குத் தாவும். கத்தும். பிறகு போய்விடும். கூட்டின் ஓட்டையில் இரண்டு மஞ்சள் வாய்கள் திறந்தபடியே இருக்கும்.

இரண்டாம் நாள் மதியம் மனைவி வெளியே வந்தாள்.

"ஏங்க, எழுந்து உள்ள வாங்க."

"ஏன்?"

"காலையிலேருந்து ரெண்டே தடவைதான் வாயில ஊட்டியிருக்கு. நான் ஜன்னல்லேருந்து எண்ணிட்டுத்தான் இருக்கேன்."

"நானும் எண்ணிட்டுத்தான் இருக்கேன். பதினோரு தடவை இடத்துல இல்லை. ஒரு தடவை நாப்பது நிமிஷம். எல்லாம் பதிவாகியிருக்கு."

"உங்களைப் பாத்துதாங்க பயப்படுது."

"என்னைப் பாத்தா? நான் என்ன செய்யறேன்? சும்மா உக்காந்து பாத்துட்டுத்தானே இருக்கேன். முப்பத்து நாலு வருஷம் நான் பக்கத்துல நின்னு யாராவது வேலை செய்யாம இருந்திருக்காங்களா?"

அவள் கூட்டைக் காட்டினாள். "குஞ்சு பட்டினியில செத்துப்போயிடும்" என்றாள். "எனக்கு இந்த வீட்டுல இது ஒண்ணுதாங்க இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷம் நீங்க இந்தப் பக்கம் வரலைன்னு நான் ஒரு குறை சொல்லலை. நீங்க இல்லாத இடமா இருந்துச்சு, சந்தோஷமா இருந்தேன்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். அவருக்கு அதில் கடைசி வாக்கியம் சரியாகப் பிடிபடவில்லை. தாம் அலுவலகத்தில் உழைத்ததைப் பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் நாற்காலியை ஒரு அடி பின்னுக்கு இழுத்தார். அவருடைய பணிக்காலத்தில் இப்படி ஒரு சலுகை யாருக்கும் வழங்கப்பட்டதில்லை. தாய் அன்று சாயங்காலம்வரை மூன்றாவது தடவை வரவில்லை.

மறுநாள் காலை, கடைக்குப் போய்வருகிறேன் என்று மனைவி கிளம்பினாள். கடை தூரம் போலிருக்கிறது, மதியம்தான் திரும்பினாள். பையில் காய்கறி எதுவும் இல்லை. மூன்று மணிக்கு அலுவலகப் பியூன் சைக்கிளில் வந்து இறங்கி, கடித உறையைக் கொடுத்தார்.

'பழைய வருகைப் பதிவேடுகளைச் சரிபார்த்துச் சான்றளிக்கத் தங்களைவிட்டால் தகுதியானவர் எவரும் இல்லை. நாளை முதல், விடுமுறை நாள் உட்பட, பதினாறு நாட்கள் மட்டும் தங்கள் சேவை தேவைப்படுகிறது.'

பத்துப்பத்து அதை நின்றபடி ஒருமுறை, உட்கார்ந்தபடி ஒருமுறை படித்தார். "பாத்தியா? ரெண்டு மாசம்கூட ஓட்ட முடியலை. கூப்பிட்டுட்டாங்க" என்றார்.

"ஆமாங்க. நீங்க இல்லாம எப்படி நடக்கும்?" என்றாள் மனைவி. குஞ்சு பொரித்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவள் முகம் மலர்ந்திருந்தது. சட்டையை அவளே தேய்த்துக் கொடுத்தாள்.

"கூட்டோட பதிவேடு?"

"நான் பாத்துக்கறேன்."

அலுவலகத்தில் அவருக்குக் கோடியில் இருந்த அறையை ஒதுக்கியிருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. கதவு மட்டும் கூடத்தைப் பார்த்துத் திறக்கும். உள்ளே முப்பது வருஷத்துப் பதிவேடுகள் கூரைவரை. புதிய கண்காணிப்பாளர், ஒரு காலத்தில் அவருக்குக் கீழே இளநிலை எழுத்தராக இருந்த பெண், அவரை வாசல்வரை வந்து வரவேற்றார். அவர் முதலில் கேட்டது இன்றைய பதிவேட்டை.

"கோடு எங்கேம்மா?"

"போடறதில்லைங்க ஐயா."

"போடறதில்லையா? அப்ப எத்தனை மணிக்கு வராங்க?"

"வராங்க ஐயா. வேலை முடிஞ்சிடுது."

இந்தப் பதிலை அவர் எங்கேயோ கேட்டிருந்தார். எங்கே என்று சட்டென்று ஞாபகம் வரவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

முதல் நாள் பதினொன்றரை மணிக்குக் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போனார்கள். டம்ளர்கள் மட்டும் ஜன்னல் திட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஒருவர் கோப்புக்குள் தலையை விட்டார். ஒருவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. கூடம் முழுவதும் அமைதியாகிவிட்டது. முப்பத்து நான்கு வருஷமாக இந்த அமைதியைத்தான் அவர் வேலை நடக்கும் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது ஏனோ அவருக்குக் கைமணியும், ஓடு அதிரக் கிளம்பிய மைனாக்களும் ஞாபகம் வந்தன. கதவை மெதுவாகச் சாத்தினார்.

இரண்டாம் நாள் கதவை ஒரு விரல்கடை அளவு மட்டும் திறந்து வைத்து, பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒழுங்கீனங்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதே நோக்கம். குறிப்பேடும் பேனாவும் மடியில் தயாராக இருந்தன.

தன் புகாரைத் தானே கோப்பில் சேர்த்த பியூன், கடிதங்களைப் பிரிவு பிரிவாக அடுக்கும்போது மெல்லிய குரலில் பாடினார். நன்றாகவே பாடினார். கணக்குப் பிரிவு எழுத்தர் ஒரு தாளை முடித்தால் மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டார். தட்டச்சுப் பெண் பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியாமல் அவருடைய பிழைகளைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தபால் பிரிவு அம்மா பத்தரை மணிக்கு மூச்சிரைக்க வந்து, "அத்தைக்கு ஊட்டிட்டுக் கிளம்பறதுக்குள்ள..." என்றார். "உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார் யாரோ. எல்லோரும் போனபிறகும் அந்த அம்மா உட்கார்ந்து கடைசித் தபால்வரை ஒட்டிவிட்டுத்தான் எழுந்தார். பதினொரு வருஷம் கோட்டுக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டவர் அவர். அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்று எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

பத்துப்பத்து அன்று குறிப்பேட்டில் ஒன்றும் எழுதவில்லை. மறந்துவிட்டார். மறுநாளும் மறந்துவிட்டார். ஒருவாரம் கழித்து மருத்துவரிடம் போனபோது ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது.

"கொல்லைப்புறம் வேலை செய்யுது பாத்தீங்களா" என்றார் டாக்டர் பெருமையாக.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருப்பது கதவு வழியாகத் தெரிந்தது.

"பறந்துடுச்சுங்க. ரெண்டும். ஒண்ணு சட்டுனு போயிடுச்சு. இன்னொண்ணு செம்பருத்தியில உக்காந்து அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு..." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்கு?"

"பாக்கலைங்க."

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "எப்படிப் பறந்துச்சுன்னு சொல்லு" என்றார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். டீ ஆறிப்போனது.

பதினாறாம் நாள், அவருடைய கடைசி நாள். எல்லாப் பதிவேடுகளும் சரிபார்த்து அடுக்கப்பட்டுவிட்டன. நாலு மணிக்குப் பாட்டுக்காரப் பியூன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"ஐயா, இதைக் கோப்புல சேர்க்கணும். உங்களைப் பத்தின தாளு. நீங்க போட்ட விதிதான்... 'பார்த்தேன்'னு ஒரு கையெழுத்து. கண்காணிப்பாளர் அம்மா வேண்டாம்னாங்க. நான்தான் விதின்னா விதின்னு..."

தாள் அவருடைய கொல்லைப்புறப் பதிவேட்டிலிருந்து கிழிக்கப்பட்டிருந்தது. வந்த நேரம், போன நேரம் கட்டங்களுக்குக் குறுக்கே மனைவியின் கையெழுத்து ஓடியது.

'கண்காணிப்பாளர் அம்மா அவர்களுக்கு. எங்கள் வீட்டுக் கொடியில் தேன்சிட்டு இரண்டு குஞ்சு பொரித்திருக்கிறது. என் கணவர் பக்கத்தில் இருப்பதால் தாய் இரை கொண்டுவரப் பயப்படுகிறது. அவர் கெட்டவர் இல்லை. பார்த்துக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான். பதினாறு நாள் போனால் குஞ்சுகள் பறந்துவிடும். அதுவரை பகலில் மட்டும் அவரை அங்கே வைத்துக்கொள்ள முடியுமா? மதியச் சாப்பாடு கொடுத்தனுப்பிவிடுகிறேன்.'

கீழே புதிய கண்காணிப்பாளரின் குறிப்பு. 'கோரிக்கை நியாயமானது. முப்பத்து நான்கு ஆண்டு நாம் செய்ததைத்தான் இன்னும் பதினாறு நாள் செய்யச் சொல்கிறார். இந்தக் குஞ்சுகளாவது பிழைக்கட்டும். அவருக்குக் கடிதம் இன்றே போகட்டும். சம்மதிப்பவர்கள் நாளை காலை வந்ததும் கையெழுத்திடவும்.'

அதற்கும் கீழே கையெழுத்துகள். பத்துப்பத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார். இருபத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் இருந்தது; பழக்கம் விடுமா? ஒன்பது ஐம்பது, ஒன்பது ஐம்பத்திரண்டு, பத்து மணி... கடைசிக் கையெழுத்து தபால் பிரிவு அம்மாவுடையது. பத்து மணி எட்டு நிமிஷம். வலதுகை தானாகச் சிவப்புப் பேனாவையும் அளவுகோலையும் எடுத்துவிட்டது. கோட்டை எங்கே போடுவது? கீழே ஒரு பெயரும் இல்லை. அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் முதன்முறையாக இருபத்து மூன்று பேரும் நேரத்துக்கு வந்திருந்தார்கள்.

பியூன் காத்துக்கொண்டு நின்றார். பத்துப்பத்து சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். பியூனின் சட்டைப்பையிலிருந்த நீலப் பேனாவைக் கேட்டு வாங்கி, தாளின் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்து நான்கு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருந்தாலும், உண்மையாக எழுதியது அந்த ஒரு தடவைதான்.